காற்றுக்கு ஒரு மகள்

“அந்தப் பொண்ணு என்ன சொன்னா, மேடம்?”

இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் உலக நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வருகிறவள். அப்பாவுக்கு ஏரியில் தொழில். அம்மா பொன்னேரியில் மீன் விற்கிறவர். அன்று நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு கிரேக்கக் கதை. டிராய் நகரின்மீது படையெடுக்கப் புறப்பட்ட கப்பல்கள் ஔலிஸ் என்ற துறையில் காத்துக் கிடக்கின்றன. காற்று இல்லை. பாய் விரித்துப் பயனில்லை. படைத்தலைவன் அகமெம்னான் தன் மகள் இஃபிஜெனியாவைப் பலி கொடுத்தால்தான் ஆர்ட்டெமிஸ் தெய்வம் காற்றை விடும் என்று குறிசொல்லி கால்காஸ் அறிவிக்கிறான். அகமெம்னான் வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிறான்: மாவீரன் அகிலீஸுக்கு மகளைக் கட்டிக்கொடுக்கிறோம், அழைத்து வா. தாய் கிளைடெம்னெஸ்ட்ரா கல்யாணம் என்று நம்பி மகளை அழைத்து வருகிறாள்.

கதையை இங்கே நிறுத்திவிட்டு, கடமைக்கும் பாசத்துக்கும் நடுவில் தந்தை படும் பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தேன். பாடப்புத்தகங்கள் அதைத்தான் பேசும். அப்போதுதான் அவள் எழுந்து கேட்டாள்.

ஏதோ ஒரு பதில் சொன்னேன். அது போதாது என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. சுமார் 2400 ஆண்டுகளாக ஒவ்வொரு மேடையும் அவள் வாயில் வெவ்வேறு சொற்களை வைத்திருக்கிறது. ஒரு மேடை அவள் வாயையே கட்டியிருக்கிறது. அந்தச் சொற்களைத் தேடிப் போனதில்தான், 1774இல் பாரிஸில் அரங்கேறிய ஒரு பிரெஞ்சு ஓபராவிடமும், அங்கிருந்து திரும்பவும் பழவேற்காட்டுக்கும் வந்து சேர்ந்தேன்.

*

முதலில் வாய் கட்டப்பட்ட கதை. கி.மு. 458இல் ஏதென்ஸில் நடிக்கப்பட்ட எஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகத்தில் இஃபிஜெனியா மேடைக்கே வருவதில்லை. பத்தாண்டுக்கு முன் நடந்த பலியை ஊர்க் கிழவர்கள் நினைவுகூர்கிறார்கள். ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் அவளைப் பலிபீடத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். குடும்பத்தைச் சபித்துவிடாதபடி வாயைக் கட்டினார்கள். அவள் கண்களால் மட்டும் ஒவ்வொருவரையும் பார்த்தாள். அடுத்து நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை, சொல்லவும் மாட்டோம் என்று கிழவர்கள் முடித்துக்கொள்கிறார்கள். அவள் பேசினால் அது சாபமாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அளவில் எஸ்கிலஸ் நேர்மையானவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவளைப் பேச வைத்தவர் யூரிப்பிடிஸ். அவர் இறந்த பிறகு, கி.மு. 405 வாக்கில் மேடையேறிய நாடகத்தில் இஃபிஜெனியா தந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உயிருக்காக மன்றாடுகிறாள். சற்று நேரத்தில் திடீரென்று மாறி, கிரேக்க நாட்டுக்காக நானே சாகிறேன் என்கிறாள். மன்றாடிய பெண்ணுக்கும் பிறகு பேசும் பெண்ணுக்கும் பொருத்தமே இல்லை என்று அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலில் குறை சொன்னார். பாத்திரப் படைப்பில் பிழை என்பது அவர் கணிப்பு. ஆயுதம் ஏந்திய பெருங்கூட்டம் சுற்றி நிற்க, தப்பிக்க வழியில்லை என்று தெரிந்துகொண்ட ஒரு சிறுபெண் சம்மதம் சொல்வதில் என்ன பொருத்தக்கேடு இருக்கிறது? நம் வீடுகளில் ‘பொண்ணு சம்மதிச்சிருச்சு’ என்ற வாக்கியம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்த எந்தப் பெண்ணும் அதைப் பிழை என்று சொல்லமாட்டாள்.

யூரிப்பிடிஸின் நாடகம் இன்று நமக்குக் கிடைக்கும் வடிவில், கத்தி இறங்கும் நொடியில் அவள் மறைந்து, அந்த இடத்தில் ஒரு பெண்மான் கிடக்கிறது. அந்த முடிவு அவர் எழுதியதுதானா என்பது ஆய்வாளர்களிடையே நெடுநாள் ஐயம். ஒரு தூதுவன் ஓடிவந்து தாயிடம் இதைச் சொல்கிறான். தாய் நம்பவில்லை. என் துக்கத்தைத் தணிக்கச் சொல்லும் கதையோ என்று சந்தேகப்படுகிறாள். அந்தச் சந்தேகத்தை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

1674இல் பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீன் இதே கதையை வெர்சாய் அரண்மனையில் மேடையேற்றினார். மான் வந்து விழுவதை அவர் காலத்து ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள். நல்ல பெண்ணைக் கொல்வதையும் பொறுக்கமாட்டார்கள். ரசீன் ஒரு வழி கண்டுபிடித்தார். எரிஃபில் என்றொரு பெண்ணைக் கொண்டுவந்தார். போரில் அகிலீஸ் சிறைபிடித்துக் கொண்டுவந்தவள், பெற்றோர் யாரென்று அறியாதவள். கடைசியில் அவளுக்கும் இஃபிஜெனியா என்ற பிறப்புப் பெயர் உண்டு என்றும், தெய்வம் கேட்டது அவளைத்தான் என்றும் தெரியவருகிறது. அவள் தன்னைத்தானே குத்திக்கொண்டு சாகிறாள். காற்று வீசுகிறது. அரசன் மகள் பிழைக்கிறாள். சிறைப்பட்டவள், கேட்க நாதியற்றவள், அவள் இடத்தில் சாகிறாள்.

*

ஓபராவுக்கு வருவோம். ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் கிளுக், ரசீனின் நாடகத்தை அடிப்படையாக வைத்து து ரூலே எழுதிய பாடநூலுக்கு இசையமைத்தார். ‘ஔலிஸில் இஃபிஜெனியா’ 1774 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் அரச இசைக்கழகத்தின் மேடையில் அரங்கேறியது. இஃபிஜெனியாவாகப் பாடியவர் சோஃபி ஆர்னூ. அன்றைய பாரிஸ் மேடையின் புகழ்பெற்ற பாடகி, கூர்மையான நாக்குக்காகவும் பெயர்பெற்றவர்.

ஒத்திகை மாதக்கணக்கில் நடந்தது. காரணம், பாரிஸ் ஓபராவின் கோரஸ் அதுவரை நடித்ததில்லை. மேடையின் இருபுறமும் வரிசையாக நின்று பாடிவிட்டுப் போவார்கள். கிளுக் அவர்களை நகரச் சொன்னார், கோபப்படச் சொன்னார், கூட்டமாக மாறச் சொன்னார். இது சின்ன விஷயம் இல்லை. இந்த ஓபராவின் முதல் அங்கத்தில் வீரர்கள் கூட்டம் கால்காஸைச் சூழ்ந்துகொண்டு, பலி யார், பெயரைச் சொல் என்று கத்துகிறது. அந்தக் கூட்டம் உயிரோடு இருந்தால்தான் கதை புரியும். அகமெம்னான் தனியாகக் கொல்வதில்லை. அவனுக்குப் பின்னால் ஊர் நிற்கிறது. ஓபராவின் அகமெம்னான் உண்மையில் பலமுறை பின்வாங்குகிறான். மனைவியும் மகளும் வராமல் திரும்பிப் போகட்டும் என்று அகிலீஸைப் பற்றிப் பொய்ச் செய்தி அனுப்புகிறான். இரண்டாம் அங்கத்தின் முடிவில் மனச்சாட்சியின் பேய்கள் தன்னைச் சூழ்வதாகக் கேட்டு நடுங்குகிறான். கூட்டம் பின்வாங்குவதில்லை.

மூன்றாம் அங்கத்தில் இஃபிஜெனியா சம்மதித்துவிடுகிறாள். காதலன் அகிலீஸிடம் விடைபெறும் அவள் பாட்டு அமைதியானது, அழகானது. எனக்கு அந்த அழகு உறுத்துகிறது. அந்த அங்கத்தில் அமைதியடையாத ஒரே பெண் கிளைடெம்னெஸ்ட்ரா. மகள் நெஞ்சில் கத்தி இறங்குவது அவளுக்கு மனக்கண்ணில் தெரிகிறது. வானத்து ஜூப்பிட்டரை அழைத்து, இந்தப் படைமீது இடியை இறக்கு, கப்பல்களைக் கொளுத்து என்கிறாள். அவள் கதறி முடிப்பதற்குள் வெளியே பலிச்சடங்கின் துதிப்பாட்டு, ஒழுங்கான சுருதியில், கேட்கத் தொடங்குகிறது. வகுப்பில் இந்தப் பகுதியை ஒலிபெருக்கியில் போட்டேன். மொழி தெரியாத பெண்கள் நாற்பது பேர் அசையாமல் கேட்டார்கள்.

பிறகு முடிவு. 1774 வடிவத்தில் அகிலீஸ் தன் ஆட்களோடு பலிபீடத்தின்மீது பாய்கிறான். சண்டை முற்றும் முன் கால்காஸ் குறுக்கிட்டு, மகளின் நற்குணமும் தாயின் கண்ணீரும் தெய்வங்களின் கோபத்தைத் தணித்துவிட்டன என்று அறிவிக்கிறான். கொல்லச் சொன்னவனே விடவும் சொல்கிறான். இது பலருக்கும் பிடிக்கவில்லை. 1775இல் மறுபடி மேடையேற்றியபோது டயானா தெய்வமே இறங்கிவந்து அறிவிப்பதாக மாற்றினார்கள். 1847இல் டிரெஸ்டனில் இதை மேடையேற்றிய ரிச்சர்ட் வாக்னர் மறுபடியும் மாற்றினார்: தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, கல்யாணம் இல்லை.

மூன்று முடிவுகளிலும் காற்று வருகிறது. மூன்றிலும் கப்பல் புறப்படுகிறது. கிளுக்கின் மூல வடிவில் சுபமுடிவுக்குப் பிறகு படையின் போர்ப்பாட்டு பெருமுரசோடு வருகிறது. ஒரு பெண் பிழைத்துவிட்டாள் என்று மகிழ்ந்துகொண்டே டிராய் நகரத்துப் பெண்களை நோக்கிப் போகிறார்கள்.

அரங்கேற்றத்தன்று பார்வையாளர்களில் இளவரசி மரீ அந்துவானெத் இருந்தார். வியன்னாவில் சிறுமியாக இருந்தபோது கிளுக்கிடம் இசை கற்றவர். இந்த ஓபரா பாரிஸில் மேடையேற அவருடைய ஆதரவு பெரிய காரணம். ஆஸ்திரியாவும் பிரான்சும் கூட்டணியாக நீடிக்கவேண்டும் என்பதற்காக 14 வயதில், 1770இல், அவரைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கல்யாணம் என்று சொல்லி அழைத்துவரப்பட்ட பெண்ணின் கதையை அவர் எப்படிக் கேட்டிருப்பார்? அரங்கேறி மூன்றே வாரத்தில், மே 10 அன்று, பதினைந்தாம் லூயி இறந்ததால் அரங்குகள் மூடப்பட்டன, அவர் அரசியானார். 1793 அக்டோபரில் அவரைக் கொலைமேடைக்கு அழைத்துச் சென்றார்கள். தெய்வம் இறங்கிவரவில்லை.

*

இந்தக் கதையைக் கேட்டதும் தமிழ் படித்த எவருக்கும் நன்னன் நினைவுக்கு வருவான். அவனுடைய காவல் மரமான மாமரத்திலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்துவந்த காயை நீராடப் போன ஒரு பெண் எடுத்துத் தின்றுவிடுகிறாள். மரண தண்டனை. அவளுடைய தந்தை 81 யானைகளையும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் கொடுக்க முன்வருகிறான். நன்னன் ஏற்கவில்லை, கொன்றுவிடுகிறான். குறுந்தொகை 292ஆம் பாடலில் பரணர் சொல்லும் செய்தி இது. அகமெம்னானைப்போல் கொடுத்த தந்தை இல்லை, மீட்க முயன்ற தந்தை என்பது நமக்குச் சற்று ஆறுதல். ஆனால் அந்தப் பாட்டு அந்தப் பெண்ணைப் பற்றியது இல்லை. இரவெல்லாம் தூங்காமல் மகளைக் காவல்காக்கும் ஒரு தாயை வைவதற்கு, நன்னனைப்போல நரகத்துக்குப் போகட்டும் என்று சொல்ல, ஓர் உவமையாக வந்துபோகிறாள். பெயர் இல்லை. அவள் என்ன சொன்னாள் என்பதும் இல்லை.

பிறகு நடந்ததுதான் கவனிக்கவேண்டியது. ஆனைமலையில் படுத்த கோலத்தில் இருக்கும் மாசாணியம்மன் அந்தப் பெண்தான் என்று மக்கள் நம்புகிறார்கள். பொருள் திருட்டுப்போனவர்களும் வஞ்சிக்கப்பட்டவர்களும் அங்கே நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி நியாயம் கேட்கிறார்கள். கொல்லப்பட்ட பெண்கள் தெய்வமாவது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்கள் இதற்கு நூற்றுக்கணக்கில் சான்று தருவார்கள். கொன்றவர்களின் அச்சம் அதில் உண்டு. எஸ்கிலஸின் கிழவர்கள் அஞ்சிய அதே சாபம். தெய்வமாக்கிவிட்டால் சாபம் வரமாக மாறிவிடும். எனினும் மிளகாய் அரைக்கும் பெண்களின் கைகளைப் பார்க்கும்போது, அந்தச் சாபத்தை அவர்கள் முழுக்க மறக்கவிடவில்லை என்றும் தோன்றும்.

கூத்திலும் ஒரு களப்பலி உண்டு. பாரதப்போருக்கு முன் பாண்டவர் வெற்றிக்காகக் காளிக்குத் தலை கொடுக்கும் அரவான். முப்பத்திரண்டு இலட்சணமும் பொருந்தியவர்கள் மூவர்: கண்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இருவரை இழக்க முடியாது. எஞ்சியவன் நாகக்கன்னிக்குப் பிறந்தவன், அரண்மனைக்கு வெளியே வளர்ந்த மகன். ரசீனின் எரிஃபிலும் நம் அரவானும் ஒரே கணக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பலி என்பது எப்போதும் ஓரத்தில் இருப்பவரைத் தேடிப் போகிறது.

*

மாணவியின் ஊர்ப் பக்கம் நான் பலமுறை போயிருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பிறகு போனபோது வேறு மாதிரித் தெரிந்தது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது பழவேற்காடு. கடலோடு அதைச் சேர்ப்பது முகத்துவாரம். மணல் மேடிட்டு அது தூர்ந்துபோகும் காலங்களில் படகுகள் கடலுக்குப் போக முடியாமல் நிற்கும். ஔலிஸில் கப்பல்கள் நின்ற கதையை இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. கரையோரம் கன்னிமார் கற்கள் உண்டு. கல்யாணம் ஆகாமல் போன பெண்கள் அவர்கள் என்று தன் ஆயா சொல்வாள் என்றாள் மாணவி. எப்படிப் போனார்கள் என்று அவளும் ஆயாவிடம் கேட்டதில்லை.

ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1690 வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகப் பழவேற்காட்டை வைத்திருந்தது. துணி ஏற்றுமதியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதே கப்பல்களில் மனிதர்களும் போனார்கள். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலத்தில் பஞ்சம் வந்த ஒவ்வொரு முறையும் அடிமை வணிகம் பெருகியது. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டியபோது, பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் கரையின் துறைகளிலிருந்து பத்தாவியா போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பருவக்காற்று வந்தால்தான் கப்பல் கிளம்பும். காற்று வரும்வரை விற்கப்பட்டவர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் மகள்கள் இருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் டச்சுக்காரர்களின் பெயர்களும் குடும்பச் சின்னங்களும் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கப்பலேறிய பெண்களுக்குக் கல் இல்லை.

1661க்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து வெர்சாயில் எரிஃபில் இறந்தாள். ரசீனுக்குப் பழவேற்காட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊர்பேர் தெரியாத, சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண் செத்தால் கதை சுபமாக முடிந்துவிடும் என்று அரங்கில் இருந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதல்தான் அந்த நூற்றாண்டின் கப்பல்களையும் ஓட்டியது.

இன்றைய ஏரியில் கப்பல் இல்லை, பாடு இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், இறால் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. ஏரி வளத்தைச் சண்டையில்லாமல் பகிர்வதற்கு நல்ல உதாரணம் என்று ஆய்வாளர்கள் அதைப் பாராட்டுகிறார்கள். பாராட்டத் தகுந்ததுதான். ஆனால் பாடு கிடைப்பது தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்பது ஆண். மீனைக் கரையிலிருந்து சந்தைக்குக் கொண்டுபோய்க் காசாக்கும் பெண்ணுக்கு ஏரியில் இடம் இல்லை, ஊர்க்கூட்டத்தில் குரல் இல்லை. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் அந்தக் கணக்குக்கே வெளியே இருக்கிறார்கள். கிளுக் பாடுபட்டு உயிர்கொடுத்த அந்தக் கோரஸ் எனக்கு இங்கே நினைவுக்கு வந்தது. ஊர் கூடி முடிவெடுக்கும்போது, முடிவு யாரைப் பற்றியதோ அவள் கூட்டத்தில் இருப்பதில்லை.

*

இந்தக் கதையை ஒரு பெண் இயக்கினால் எங்கே தொடங்குவாள் என்பதற்கு 1990இல் பாரிஸில் ஒரு பதில் கிடைத்தது. ‘தியேத்ர் து சோலேய்’ குழுவின் ஆரியான் முனுஷ்கின், எஸ்கிலஸின் மூன்று நாடகங்களை மேடையேற்ற முடிவுசெய்தார். டிராயிலிருந்து பத்தாண்டு கழித்துத் திரும்பும் அகமெம்னானை கிளைடெம்னெஸ்ட்ரா கொல்வதில் தொடங்கும் தொடர் அது. அவளைக் கணவனைக் கொன்ற பாதகி என்றே உலகம் படித்துவந்திருக்கிறது. முனுஷ்கின் செய்தது ஒன்றுதான்: எஸ்கிலஸுக்கு முன்னால் யூரிப்பிடிஸின் இஃபிஜெனியா நாடகத்தை வைத்தார். பார்வையாளர்கள் முதல் இரவில் மகள் சாவதைப் பார்த்தார்கள். அடுத்து தாய் கோடரி எடுக்கும்போது அவளைப் பாதகி என்று சொல்ல முடியாமல் போயிற்று. கோரஸின் உடையிலும் அசைவிலும் கதகளியின் சாயல் இருந்தது. இஃபிஜெனியாவாக நடித்தவர் இந்தியாவிலிருந்து சென்ற நிருபமா நித்தியானந்தன்.

அதே குழு 2016இல் ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகத்துக்காக நம் தெருக்கூத்தைக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான். பாரிஸ் மேடையில் பெண்கள் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக் கூத்தாடினார்கள். நம் ஊர்களில் திரௌபதி வேஷத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டிவந்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் நடந்த ஆண்டுகளில் சிறுமிகளும் முறையாகக் கற்று ராத்திரி முழுக்க ஆடினார்கள். அந்தப் பெண்கள் சலங்கை கட்டி நின்றதை, இந்த நூற்றாண்டுத் தமிழ் நாடக வரலாற்றில் பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

கிளுக்குக்கும் கதை 1774இல் முடியவில்லை. 1779இல் ‘டாரிஸில் இஃபிஜெனியா’ என்று இன்னொரு ஓபரா எழுதினார். தெய்வம் தூக்கிச்சென்ற பெண் தூர தேசத்தில் பூசாரினியாக இருக்கிறாள். அவள் வேலை, கரையில் ஒதுங்கும் அந்நியர்களைப் பலி கொடுப்பது. ஓபரா புயலோடு தொடங்குகிறது; அந்தப் புயலுக்குள்ளிருந்துதான் அவள் குரல் எழுகிறது. காற்றுக்காகப் பலியிடப்பட்டவளுக்குக் காற்று ஓயவே இல்லை. ஒருநாள் அவள் கத்தியின் கீழ் வந்து நிற்பது சொந்தத் தம்பி. 2024இல் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் விழாவில் திமித்ரி செர்னியகோவ் இரண்டு ஓபராக்களையும் ஒரே இரவில் மேடையேற்றினார். இரண்டிலும் இஃபிஜெனியாவாகப் பாடியவர் கொரின் வின்டர்ஸ். ஒரே உடல் இரண்டையும் பாடும்போது, காப்பாற்றப்பட்டாள் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வி தானாக எழுந்துவிடுகிறது. தெய்வமாகவோ பூசாரினியாகவோ ஆக்கப்பட்டவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவள் கையிலும் ஒரு கத்தியைக் கொடுத்துவிட்டார்கள்.

*

கல்லூரி ஆண்டுவிழாவுக்கு இருபது நிமிட நாடகமாக இதைச் செய்யலாம் என்று மாணவிகள் முடிவுசெய்தார்கள். பெண்கள் கல்லூரி என்பதால் அகமெம்னானும் பெண், கால்காஸும் பெண். கேள்வி கேட்டவள் இஃபிஜெனியாவாக நடிப்பாள் என்று நினைத்திருந்தேன். “எனக்கு அம்மா வேஷம் வேணும் மேடம்” என்றாள்.

முடிவைப் பற்றித்தான் பெரிய தகராறு. விழாவுக்கு மங்களகரமான முடிவு வேண்டும், அம்மன் தோன்றிக் காப்பாற்றுவதாக வையுங்கள் என்று மேலிருந்து சொன்னார்கள். 1775இல் கிளுக்கிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். மாணவிகள் ஒரு வாரம் விவாதித்தார்கள். மான் வேண்டாம், மானுக்கும் உயிர்தான் என்றாள் ஒருத்தி. அம்மன் வந்தால் நாம் எல்லாரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம் என்றாள் இன்னொருத்தி.

அந்த விவாதத்தின் நடுவில் அம்மா வேஷக்காரி வரவில்லை. ஊரிலிருந்து ஃபோன் வந்ததாம். ஏதோ விசேஷம், உடனே வா என்று. நான்கு நாள் கழித்து வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: “பொண்ணு பார்க்க வந்திருந்தாங்க மேடம். அப்பா ஒத்துக்கிட்டாரு. ஊர்ல பெரியவங்க எல்லாம் வந்து உக்காந்துட்டாங்க. அம்மாதான் கூடைய வாசல்ல வச்சிட்டு, அவ படிச்சு முடிக்கட்டும், யாரு என்ன சொன்னாலும் முடியாதுன்னு சொல்லிட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “அப்பா அப்பறம் ஒண்ணும் பேசல” என்றாள்.

அடுத்த ஒத்திகையில் இஃபிஜெனியாவுக்கு ஒரு வசனம் எழுதிக் கொண்டுவந்தாள். அதுவரை அந்த வேஷத்துக்கு நாங்கள் வைத்திருந்தது யூரிப்பிடிஸின் நீண்ட தியாகப் பேச்சு. அதை அடித்துவிட்டு இரண்டே வரி: “காத்து எனக்கா வேணும்? உங்களுக்குத்தானே வேணும்?” அதோடு விளக்கை அணைத்துவிடலாம் என்றாள். அப்படியே செய்தோம். எங்கள் மேடையில் கப்பல் புறப்பட்டதா இல்லையா என்று காட்டவில்லை. மேலிடத்தில் முகம் சுளித்தார்கள்.

விழாவன்று அவள் அம்மா வந்திருந்தார். சந்தை முடித்து நேராக வந்தவர், அரங்கின் கடைசி வரிசையில் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் மகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மேடையில் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அகமெம்னானைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“சண்டை முடிஞ்சா அந்த ஆளு திரும்பி வூட்டுக்குத்தானே வரணும்? வந்தா அந்தம்மா சும்மாவா வுடும்?”

பத்தாண்டு கழித்து என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.